கழுத்துக் கருப்பு

1993-ல் கோவில்பட்டியில் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் என் பிடரி கறுக்கத் தொடங்கியது. முதலில் ஒரு கோடு. பிறகு இரண்டு பக்கமும் படர்ந்து, தோல் தடித்து, வரிவரியாகத் தெரிந்தது. வெள்ளைத் தாவணிக்கு மேலே அது எல்லார் கண்ணிலும் பட்டது. அழுக்கு என்றுதான் அம்மா நினைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்து, பாசிப்பயற்று மாவைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்கூட்டால் தேய்ப்பார். "போக மாட்டேங்குதே" என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார். தோல் உரிந்து, பள்ளிக்கூடத்தில் வியர்வை பட்டதும் காந்தும். அடுத்த வீட்டு மதினி, "கவரிங் செயின் ஒத்துக்கலை, கழட்டிப் போடு" என்றார். செயினையும் கழற்றினோம். கருப்பு போகவில்லை.

மாதவிலக்கும் அப்போதிருந்தே தள்ளிப்போக ஆரம்பித்தது. இரண்டு மாதம், மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேலே. வீட்டில் அதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "குளிச்சியாட்டி?" இல்லை என்றால் ஆச்சி எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துத் தருவார். மோவாயில் முடி முளைத்தபோது கஸ்தூரி மஞ்சள் வந்தது. கழுத்துக்கு ஒரு வைத்தியம், மோவாய்க்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சொல்ல எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஊரில் இருந்த லேடி டாக்டரும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு நிறுத்தினால் சில நாளில் இரத்தப்போக்கு வரும், அடுத்த மாதம் மறுபடி நின்றுவிடும். எதற்கு அந்த மாத்திரை என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. பேசியது எல்லாம் அம்மாவிடம். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்" என்பதோடு பேச்சு முடியும்.

இத்தனைக்கும் மருத்துவ உலகத்துக்கு இது புதிதல்ல. சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்று, முடி வளர்ச்சி கூடி, சினைப்பை பெருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி 1935-லேயே எழுதிவிட்டார்கள். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே இந்தக் கோளாறு அழைக்கப்பட்டது. இந்தப் பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கிறது என்பதை 1980-ல் வந்த ஆய்வு காட்டியது. இன்று பிசிஓஎஸ் என்று மருத்துவர்களும், பிசிஓடி என்று ஊரெல்லாமும் சொல்வது இதைத்தான்.

அது நடக்கும் விதத்தை எனக்கு யாராவது பதினைந்து வயதில் சொல்லியிருக்க வேண்டும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. முட்டைப்பைகள் பாதி வளர்ந்து அப்படியே நிற்கின்றன, முட்டை வெளியே வருவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. கூடிய ஆண் ஹார்மோன் மோவாயில் முடியாகவும் கன்னத்தில் பருவாகவும் தெரிகிறது. கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுப்பது அந்த இன்சுலினின் நேரடி வேலை. எல்லாருக்கும் எல்லாமும் இருக்காது. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும். ஆனால் என்னிடம் எல்லாமே இருந்தது, அதிலும் கழுத்து வெளியே தெரிகிற இடம். அம்மா பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது அழுக்கே இல்லை. என் இரத்தம் அனுப்பிய தகவல் அது.

2001-ல் கல்யாணம். எதுவும் சரியாகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி" என்றதும் மாமியார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கட்டி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அவருடைய அக்காவைக் கொண்டுபோன கட்டி. ஸ்கேனில் தெரிந்தவை பாதியில் நின்ற முட்டைப்பைகள், அறுத்தெடுக்க வேண்டிய கட்டி எதுவும் இல்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் நேரம் இல்லை. கழற்சிக்காய்ப் பருப்பை மிளகோடு இடித்துக் கொடுத்தார்கள், மலைவேம்புச் சாறு கொடுத்தார்கள். எல்லாவற்றையும் குடித்தேன். கொடுத்தவர்களின் அன்பில் குறை இல்லை, எனக்கு வேண்டியிருந்தது தகவல். ஒரு மருத்துவர் லேப்ராஸ்கோப்பி செய்து சினைப்பையில் துளையிடலாம் என்றார். இன்னொருவர் குளோமிஃபின் மாத்திரை கொடுத்தார். மாத்திரையிலேயே கரு தங்கியது. 2004-ல் மகன் பிறந்தான்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் சர்க்கரை ஏறியது. "பிள்ளை பிறந்தா இறங்கிரும்" என்றார்கள். இறங்கியது. அதோடு எல்லாரும் என்னை மறந்துவிட்டார்கள். இந்தக் கோளாறு உள்ளவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் வந்திருந்தால், பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், ஆகவே விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய அரசு ஆணையிட்டது 2007-ல். சென்னை மருத்துவர் வீ. சேஷையா போன்றவர்கள் பல வருஷம் போராடிப் பெற்றது அது. அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவள் நான். 2016-ல் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அப்போதும் கழுத்து கறுத்துத்தான் இருந்தது. பிள்ளை வேண்டும் என்று வந்தவளின் வயிற்றை அத்தனை பேரும் பார்த்தார்கள். பிள்ளை பிறந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

இது எங்கள் தலைமுறையின் கதை, இனி ஒரு பெண்ணுக்கு இப்படி நடக்காது என்று நம்பியிருந்தேன். கைக்குள் போன் இருக்கிறது, கேட்டால் நொடியில் பதில் வருகிறது. போன வருஷம் அண்ணன் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். பதினெட்டு வயது. வயிற்றுவலி என்று போன இடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், "பிசிஓடி" என்று எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை.

"அத்தை, எனக்குக் குழந்தையே பிறக்காதாமே?"

"யாரு சொன்னா?"

"ரீல்ஸ்ல ஒரு டாக்டர் சொன்னாங்க."

"என்ன டாக்டரும்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். போனை வாங்கிப் பார்த்தேன். பால் கூடவே கூடாது என்று ஒருவர். கோதுமையைத் தொடாதே என்று இன்னொருவர். காலையில் வெந்தயத் தண்ணீர், ராத்திரி புதினா டீ, மாத்திரையைத் தொட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், மூன்று மாதக் கோர்ஸில் நீர்க்கட்டி கரைந்துவிடும். கடைசியாகச் சொன்ன பொடிக்கு அவள் ஹாஸ்டல் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டியிருந்தாள். பாலையும் கோதுமையையும் விட்டு, பல நாள் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தாள். எனக்குச் சொல்ல ஆளே இல்லை. அவளுக்குச் சொல்லாத ஆளே இல்லை. இரண்டு பேரையும் பயம் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணின் பயத்தைக் காசாக்குகிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பத்தகுந்த வழிகாட்டல் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று, பல நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து 2018-ல் ஒரு சர்வதேச வழிகாட்டியைக் கொண்டுவந்தது. 2023-ல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இந்தக் கோளாறோடு வாழும் பெண்களும் அதை உருவாக்கும் வேலையில் உட்கார்ந்தார்கள். விலை இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் எல்லாம் உறுதியாகத் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. எதற்கு வலுவான ஆதாரம், எதற்குக் குறைவு, எது அனுபவத்தில் சொல்வது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

அந்த வழிகாட்டியை எடுத்து அவள் ஸ்கேன் சீட்டின் பக்கத்தில் வைத்தேன். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான பெண்கள் பலரின் சினைப்பையும் ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். இவள் பன்னிரண்டு வயதில் பெரியவளானவள். வளரிளம்பெண்ணுக்கு இரண்டு விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும்: மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவது, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம். வயதுக்கு வந்து மூன்று வருஷம் தாண்டிய பிறகு 21 நாளுக்குள்ளே வந்தாலோ, 35 நாளுக்கு மேலே தள்ளிப்போனாலோ, வருஷத்துக்கு எட்டு தடவைக்குக் குறைந்தாலோ அது ஒழுங்கில்லாததுதான். அவளிடம் இரண்டுமே இருந்தது. நோய் இருந்தது உண்மை, ஆனால் அதைச் சொல்லும் தகுதி அந்தச் சீட்டுக்கு இல்லை. இதே ஸ்கேனை மட்டும் வைத்து ஒன்றுமே இல்லாத எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அண்ணியும் நானும் அவளைத் திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நடுத்தர வயது அம்மா. ஸ்கேன் சீட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து வந்து, துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், குறட்டை உண்டா, மனசு எப்படி இருக்கிறது, அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு என்னையும் அண்ணியையும் வெளியே இருக்கச் சொல்லப்போனார். "அத்தை இருக்கட்டும் மேடம்" என்றாள் அவள்.

"சரி. உனக்கு இதுல எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?"

குழந்தை என்று சொல்லுவாள் என நினைத்தேன். அவள் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றினாள். கொரோனா காலத்தில் போட்டதை அவள் விடவே இல்லை. தூசி அலர்ஜி என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். மோவாயில் சவரம் செய்த இடத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். "இதுதான் மேடம்" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. நானும் இதே மோவாயோடு வளர்ந்தவள், ஆனாலும் அந்தக் கேள்வியை ஒருவர் ஒரு பெண்ணிடம் நேராகக் கேட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, குடித்த பிறகு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 92. பார்த்ததும் அண்ணிக்கு நிம்மதி. இரண்டு மணி நேரத்தில் 156. அது 140-க்குள் இருக்க வேண்டும், 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் நிற்கிறாள். வெறும் வயிற்று இரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பதினெட்டு வயதில் எனக்கும் இப்படி ஒரு எண் வந்திருக்கும். அதை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் இன்று என் கண்ணுக்கும் காலுக்கும் இத்தனை கவலை இருந்திருக்காது.

அவளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது. அட்டையைப் படித்த அம்மா, "கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவரை உட்காரவைத்துச் சொன்னேன். ஆண் ஹார்மோனைக் குறைத்து, மாதவிலக்கை ஒழுங்குக்குக் கொண்டுவர இதுதான் முதல் மருந்து. மாதவிலக்கு வராமல் மாதக்கணக்கில் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளவிடக் கூடாது. நிறுத்திய பிறகு கரு தங்குவதை இந்த மாத்திரை கெடுக்காது. எல்லாருக்கும் இது ஆகாது என்பதும் உண்மை; இரத்தம் உறையும் நோய், உயர் இரத்த அழுத்தம், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கூடாது. ஆகவே கடையில் கேட்டு வாங்குவது தப்பு. டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். முடிக்குப் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், அதுவரை லேசர் செய்துகொள்ளலாம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அந்த வழிகாட்டி சொல்வது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இந்த நோய்க்கென்று தனிப் பத்தியம் இல்லை, ஒரு முறை இன்னொன்றைவிட உயர்ந்தது என்று காட்டும் ஆதாரமும் இல்லை. சத்தான சாப்பாடு எதுவோ, நீ விடாமல் சாப்பிடக்கூடியது எதுவோ, அதுவே போதும். பாலும் சப்பாத்தியும் திரும்பி வந்தன. தட்டில் சோறு குறைந்தது. பாசிப்பயறு, சுண்டல், கீரை, முட்டை கூடின. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் வேண்டும். எடை குறைந்தால் பலருக்கு நல்லதுதான், ஆனால் 'உடம்பைக் குறைச்சிட்டு வா' என்று திட்டி அனுப்புவது மருத்துவம் ஆகாது. உடம்பைச் சொல்லி அவமானப்படுத்துவதே ஒரு கெடுதல் என்று 2023 வழிகாட்டி எடுத்துச் சொல்கிறது. நான் வாங்கிய திட்டுகளுக்கு அது மருந்தாக முடியாது, என்றாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சரியான அறிவுரையும் மாறும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கரு தங்குவதற்கு லெட்ரோசோல் மாத்திரை கொடுப்பதை இந்திய அரசு 2011 அக்டோபரில் தடை செய்தது. 2014-ல் அமெரிக்காவில் இந்தக் கோளாறு உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், குளோமிஃபின் சாப்பிட்டவர்களைவிட லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் கூடுதல் பேர் பிள்ளை பெற்றார்கள். 2017-ல் இங்கே தடை நீங்கியது. இன்று உலக வழிகாட்டியில் கரு தங்க முதலில் கொடுக்க வேண்டிய மருந்து அதுதான். எனக்குச் சொன்ன துளையிடும் அறுவை இப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. ஆகவே யார் எதைச் சொன்னாலும் அது எந்த வருஷத்துச் செய்தி என்று கேளுங்கள். சொல்பவர் என்ன படித்தவர், அந்தப் பேச்சின் முடிவில் எதை விற்கிறார், முழுசாகக் குணமாக்கிவிடுவேன் என்கிறாரா என்று பாருங்கள். இதை வேரோடு போக்கும் மருந்து இன்று இல்லை. ஒழுங்காகக் கவனித்தால் நன்றாக வாழலாம், பிள்ளை வேண்டும் என்பவர்களில் பெரும்பாலோர் பெற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். வேரோடு போக்குகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பிள்ளைகளைச் சென்று சேர வழி ஏற்கெனவே இருக்கிறது. புதுயுகம் திட்டத்தில் வளரிளம்பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. அந்தப் பொட்டலத்தோடு ஒரே ஒரு தமிழ்த் தாளைச் சேர்த்துக் கொடுக்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளினால் காத்திருக்காதே. கழுத்து கறுத்தால் தேய்க்காதே. மோவாயில் முடி வந்தால் ஒளிக்காதே. அரசு மருத்துவமனைக்கு வந்து சர்க்கரையைப் பார்க்கச் சொல் என்று அதில் இருந்தால் போதும். அந்தத் தாள் வரும்வரை, இதைப் படிக்கும் அம்மாக்களே அத்தைகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள்.